மோட்டார்ஹோம், மலை, நாய்: இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கும் அந்த ஒரு நிமிடம் (அனுபவப் பகிர்வு)

படிக்கட்டுநாய்:

கணவாய் உச்சிக்கு இரண்டு வளைவு கீழே, வண்டி ஒதுக்கும் இடம். மோட்டார்ஹோம் (படுக்க, சமைக்க வசதியுள்ள வண்டி) கதவு திறந்தாச்சு, படி இறங்கியாச்சு. ஒரு நாய் கயிற்றோடு தரையில், இன்னொன்று படியில். மந்தை எதுவும் கண்ணில் படவில்லை. பாறை ஓரத்தில் வெள்ளையாகப் படுத்திருந்தது ஆடு என்றே நினைக்க வைத்தது, அது எழுந்து குரைக்கும் வரை.

பத்தடியில் வந்து நின்றது. பாயவில்லை. பக்கவாட்டில் திரும்பி, வாலைத் தூக்கி, வழியை மறித்தது. இந்தப் பக்கம் கயிறு தந்தி மாதிரி விறைத்து, நம்ம நாயின் முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. கயிறு இரண்டு விரற்கடை தளர்ந்ததும் அந்த வெள்ளை நாயின் வால் இறங்கியது. அந்த இரண்டு விரற்கடைதான் உறுத்துகிறது.

காரணம் எளிது. கயிற்றை இழுத்துப் பிடித்தால் நாயின் மார்பும் தலையும் நிமிர்கின்றன. எதிரே நிற்கும் நாய்க்கு அது "வா பார்க்கலாம்" என்று தெரியும். பைரனீஸ் மலையின் பத்தூவோ துருக்கியின் கங்காலோ, இவை மந்தைக் காவல் நாய்கள், குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர்ந்தவை. வேலை கடிப்பதல்ல, நடுவில் வந்து நிற்பது. வந்தது யாரென்று மோந்து பார்த்து, ஆபத்தில்லை என்றால் திரும்பிப் போய்விடும். அதற்கு அரை நிமிடம் கொடுக்க வேண்டும். ஓடக் கூடாது, கண்ணைப் பார்த்து முறைக்கக் கூடாது, கம்பை ஓங்கக் கூடாது, கல்லெடுக்கக் குனியவும் கூடாது. இறங்கும் முன் இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஐந்து நிமிடம் காது கொடுத்தால் மணிச் சத்தம் கேட்கும். சாலையில் புதுப் புழுக்கை கிடந்தால் மந்தை பக்கத்தில்தான்.

கேள்வி: அது விலகாமல் நெருங்கியிருந்தால் கயிற்றைப் பிடித்திருப்பதா, விடுவதா?

கொம்புமேடு:

ஆட்டு நாய்க்கு மேலே சொன்னது சரி. மாடு வேறு கணக்கு. கன்றோடு நிற்கும் பசுவுக்கு நாய் என்றால் ஓநாய்தான். நாயைக் கயிற்றில் பிடித்திருக்கும் ஆளையும் சேர்த்தே முட்டும்.

மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதை. பசுவின் தலை தாழ்ந்தது, மூக்கில் உஸ்ஸென்று ஒரு சத்தம், முன்கால் மண்ணைக் கீறியது. கயிறு இடுப்புப் பட்டையில். கைகள் இரண்டும் ஓய்வாக இருக்கட்டும் என்று ஓடுகிறவர்கள் கட்டும் அதே பட்டை. கொக்கியை விரலால் எவ்வளவு தள்ளினாலும் திறக்கவில்லை. நாய் எதிர்ப்பக்கம் இழுக்கிறதல்லவா? சாதாரண சுருள்வில் கொக்கி இழுவிசை இருக்கும்போது திறக்காது. கயிறு தளர்ந்தால்தான் திறக்கும். அந்த நேரத்தில் கயிறு தளராது.

குதிரைக்காரர்கள் வைத்திருக்கும் பேனிக் ஸ்னாப் என்ற கொக்கியை வாங்குங்கள். மேலே உள்ள வளையத்தை இழுத்தால் சுமை இருக்கும்போதே கழன்றுவிடும். மாடு பாய வந்துவிட்டது என்றால் கயிற்றை விட்டுவிட வேண்டும், யோசனையே வேண்டாம். நாய் ஓடித் தப்பித்துவிடும், நம்மால் முடியாது. அதற்கு முன்பே 20 முதல் 50 மீட்டர் தள்ளி, மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போவதுதான் நல்லது. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகவே போகாதீர்கள். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு மலைக்கு ஆகாது. 2 மீட்டர் தட்டைப் பட்டை போதும்.

இரண்டாம்கியர்:

எல்லாரும் கயிற்றிலேயே நிற்கிறீர்கள். மலையில் நாயோடு போகிறவருக்கு முதல் எதிரி மந்தையும் இல்லை, மாடும் இல்லை. இறக்கம்.

பின்னால் கூண்டில் இருந்த இரண்டும் ஒரே நேரத்தில் தும்ம ஆரம்பித்தன. அடுத்து மூக்கைக் கூண்டுக் கம்பியில் தேய்த்தன. ஓட்டுகிற இருக்கைக்கு வாடை வர இன்னும் இரண்டு வளைவு ஆனது: கருகிய மீனும் சூடான இரும்பும் கலந்த மாதிரி. வண்டி நின்றபோது முன் சக்கரத்தின் ரிம்முக்குள்ளிருந்து வெள்ளைப் புகை நூலாக எழுந்தது. நாய் தும்மியதைத் தூசி என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் கீழே இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 34 மெகாஜூல். ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் எரியும் வெப்பம். இன்ஜின் அதில் பங்கு வாங்காவிட்டால் அத்தனையும் நாலு சக்கரத்து பிரேக்குக்குள் போக வேண்டும். அதனால் உச்சியிலேயே, இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே, கியரைக் குறைத்துவிட வேண்டும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர், சந்தேகம் இருந்தால் ஒன்று கீழே. ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் விடாதீர்கள், கையால் பூட்டுங்கள்.

பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் பெரிய தப்பு. 40-இல் போகலாம் என்றால் 40 தொட்டதும் அழுத்தமாக மிதித்து 32-க்கு இறக்கி, முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி 40 வரும்வரை காலை எடுத்து வையுங்கள். அந்த இடைவெளியில்தான் பிரேக் டிஸ்க்கில் காற்று படும்.

மிதி கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக் பேடு சூடேறி வழுக்குகிறது. மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டாவதுதான் கொடியது. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 போதும் என்கிறது தரநிலை. வருடத்தில் பத்து மாதம் நின்றே கிடக்கும் வண்டிகளில் ஆயில் மாற்றுவதை யாரும் நினைப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, கிலோமீட்டர் ஓடியதோ ஓடலையோ, மாற்றியே ஆக வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இறுக்கிவிட்டுப் போகவும் வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். நாயை அந்தச் சக்கரப் பக்கம் இறக்க வேண்டாம், ரிம்மில் மூக்கை வைக்கும்.

பின்கூண்டு:

அண்ணே, பிரேக் பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே கேட்டது மந்தை நாயோடு நேர்ந்த சந்திப்பு பற்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கூண்டு எதில் கட்டியிருக்கிறது? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அரை மீட்டருக்குள் நின்றால் உள்ளே இருப்பது தன் எடையைப் போல் 20 மடங்கு விசையோடு முன்னால் வரும். 25 கிலோ நாய் அரை டன். மோட்டார்ஹோம் அலமாரிப் பலகை 15 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, திருகாணி பிய்த்துக்கொண்டு வரும். இருக்கையின் தண்டவாளத்திலோ பெல்ட் மாட்டும் இரும்பிலோதான் கட்ட வேண்டும். கழுத்துப் பட்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். மார்புப் பட்டை மட்டும்தான்.

ஆறுஆம்பியர்:

மதியம் இரண்டரை. முகாம் இடத்தில் மின் இணைப்புப் போட்டு, கூரை ஏசி 24-இல். நாய் உள்ளே, ஆட்கள் வெளியே. திரும்பி வந்தபோது கேட்டது அமைதி. கம்பிரசர் இல்லை, விசிறி இல்லை. நாய் குளியலறை ஷவர் தட்டில், வண்டியிலேயே குளிர்ந்த இடம் அதுதான் என்று கண்டுபிடித்து, வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. நாக்கு தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான்: அந்த இணைப்பு 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1,380 வாட். ஏசி ஓடும்போது 900 முதல் 1,000 வாட், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். வெந்நீர் ஹீட்டரை மின்சாரத்தில் விட்டிருந்தது. அது தானாக ஆன் ஆனதும் பிரேக்கர் விழுந்துவிட்டது. பிரேக்கர் இருந்தது பூட்டிய கம்பப் பெட்டிக்குள்.

இதனால்: நாய் உள்ளே என்றால் ஹீட்டர் அணை, ஃபிரிட்ஜைக் கேஸுக்கு மாற்று. ஏசியை நம்பாமல் 12 வோல்ட் கூரை விசிறியை வெப்பநிலை சுவிட்சோடு தனியாகப் போடு. மின் இணைப்பு போனாலும் பேட்டரியில் ஓடும். 3 ஆம்பியர் இழுத்தால் பத்து மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-அவர். நூறு ஆம்பியர்-அவர் ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்பதால் சரியாக இருக்கும். சிம் போட்ட வெப்ப எச்சரிக்கைக் கருவி நல்லதுதான், பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை என்றால் வெறும் அலங்காரம். சிக்னல் இல்லையா, நாயும் கூடவே வரட்டும்.

மலையில் குளுகுளு என்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். வெளியே 22 டிகிரி இருந்தாலும் வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு மேல் ஏறும். மோட்டார்ஹோம் சுவருக்கு காப்பு உண்டு, முன் கண்ணாடிக்கு இல்லை. வெள்ளித் திரையைக் கண்ணாடிக்கு வெளியே போட வேண்டும், உள்ளே போட்டால் வெப்பம் ஏற்கனவே உள்ளே வந்தாச்சு.

நாயின் உடல் சூடு 41-ஐ நெருங்கினால் முதலில் தண்ணீர், பிறகுதான் மருத்துவரிடம் ஓட்டம். உடம்பு முழுக்க நனைத்து விசிறிக் காற்று விடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது சூட்டைப் பிடித்து வைக்கும். 39.5-க்கு வந்ததும் நிறுத்துங்கள்.

2800மீட்டர்:

குளிரில் மூச்சிரைக்கிற நாய். அதுதான் இங்கே. இரவு 11 மணி, உள்ளே 14 டிகிரி, தட்டில் சாப்பாடு அப்படியே. பயமா, வயிறா, உயரமா?

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு நீலம் பாய்ந்தாலோ இருமினாலோ விடியும்வரை காத்திருக்காமல் 500 முதல் 1,000 மீட்டர் கீழே இறங்கிவிடுங்கள். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். இதய நோய் உள்ள கிழட்டு நாய்க்கு அது அதிகம்.

அதே காற்று ஹீட்டருக்கும் குறைவு. டீசல் ஹீட்டருக்கு உயரத்துக்கான அமைப்பு இல்லாவிட்டால் டீசல் அதே அளவு வரும், காற்று வராது, கரி படியும், புகை கறுக்கும். கீழே இறங்கியதும் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் கரி ஓரளவு எரியும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. கார்பன் மோனாக்சைடு காற்றோடு சமமாகக் கலக்கும், அதன் எச்சரிக்கைக் கருவி தலையணை உயரத்தில் இருக்கலாம். சமையல் கேஸ் அப்படியல்ல, காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். நாய் தூங்குவதும் தரையில்தான். கேஸ் எச்சரிக்கைக் கருவியைத் தரைக்கு ஒட்டி மாட்டுங்கள்.

கொம்புமேடு:

இரண்டாம்கியர் சொன்ன 40-32 சரி. ஆனால் நீளமான பின்பகுதி உள்ள வண்டி கொண்டை ஊசி வளைவில் பிரேக்கோடு திரும்பக் கூடாது, அதையும் எழுதியிருக்கலாம். வளைவுக்கு முன்பே வேகம் இறங்கியிருக்க வேண்டும்.

படிக்கட்டுநாய்:

கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பேனிக் ஸ்னாப்பை வாங்குவதென்றால் கைப்பக்கம் போடுவதா, நாயின் பக்கமா?

கொம்புமேடு:

கைப்பக்கம். நாயின் பக்கம் போட்டால் குனிய வேண்டும், குனிய நேரம் இருக்காது. கைப்பிடி வளையம் உங்களிடமே தங்கிவிடும், நாயோடு போவது வெறும் பட்டை நுனி, வேரில் மாட்டாது. ஆட்டு நாய்க்கும் இதுதான் பதில்: கடைசி வரை தளர்த்திப் பிடியுங்கள், இரண்டும் கட்டிப் புரண்டால் விட்டுவிடுங்கள், நடுவில் கை வைக்காதீர்கள்.