கார்னியல் ஸ்கிரேப்பிங்: சுரண்டலா, வழிப்பா, சீவலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கண் ஆய்வகக் கையேட்டின் சொற்பட்டியலில் 'கார்னியல் ஸ்கிரேப்பிங்' இன்னும் காலியாகவே கிடக்கிறது. கருவிழியில் (கார்னியா) வந்த புண்ணின் விளிம்பிலும் அடியிலும் இருந்து சிறிது திசுவை எடுத்து, ஸ்லைடிலும் வளர்ப்புத் தட்டிலும் இட்டு, எந்தக் கிருமி என்று பார்க்கிற வேலை அது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: கருவிழிச் சுரண்டல், விழிவெண்படல வழிப்பு, கருவிழிச் சீவல். ஆங்கிலத்தில் செய்கிற வேலைக்கும் எடுத்த பொருளுக்கும் ஒரே சொல்தான். நமக்கும் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

— தொகுப்பாளர்

* * *

> கருவிழிச் சுரண்டல்

தலைப்பை மட்டும் பார்ப்பவர் உறுப்புத் திருட்டுச் செய்தி என்று நினைத்துவிடுவார். உழைப்புச் சுரண்டல், மணல் சுரண்டல் என்று அந்தச் சொல்லை அரசியல் மேடை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. இத்தனைக்கும் இலக்கணப்படி அதில் குற்றமில்லை. வறு–வறுவல், துருவு–துருவல், அவி–அவியல் என்ற வரிசையில் சுரண்டு–சுரண்டல், எடுத்த பொருளுக்கு அழகாகவே பொருந்தும். வழக்குதான் இடம் தரவில்லை.

'வழிப்பு' அதைவிட மோசம். ழகரம் தேய்ந்த வாயில் அது 'வலிப்பு' ஆகிவிடும். "உங்களுக்குக் கண்ணில் வலிப்பு எடுக்கணும்" என்று ஊழியர் சொன்னால் நோயாளி எழுந்து போய்விடுவார்.

— இலக்கணம் பார்ப்பவர்

* * *

ஐயா சொன்னது சரி. ஆனால் சொல்லைத் தேர்வதற்கு முன்னால் கை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

நோயாளியை ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) உட்கார வைத்து, கண் மரத்துப்போக 0.5% புரோபாரகெயின் சொட்டு விடுகிறோம். இன்னொரு மரப்பு மருந்தான டெட்ராகெயின் வேண்டாம்; அது கிருமிகளையும் ஓரளவு கொன்றுவிடும், பிறகு தட்டில் ஒன்றும் வளராது. புண்ணின் மேல் படிந்திருக்கும் சளியையும் அழுகிய திசுவையும் முதலில் அகற்ற வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் செத்த செல்லும் சீழும்தான். அதற்குப் பிறகுதான் கிமுரா ஸ்பாட்டுலா என்ற சிறு தட்டைக் கரண்டி, அல்லது 15ஆம் எண் பிளேடு. விளிம்பில் ஒரே திசையில் அழுத்தி இழுக்கிறோம், பிறகு அடிப்பகுதியில். நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் முன்னேறும் விளிம்பில்தான் உயிரோடு கிடைக்கும். பூஞ்சைக்கு அடிவரை போகவேண்டும்.

இதைச் 'சீவல்' என்று சொல்லமுடியாது. சீவினால் மெல்லிய தாளாக ஒரு பரப்பு முழுதும் வரும், பாக்குச் சீவல் மாதிரி. 'வழித்தல்' மாவுக்கு: மேலே தளர்வாக இருப்பதைத் திரட்டுவது. நாம் முதலில் துடைத்து எறிகிற சளியைத்தான் அப்படி எடுக்கலாம். அடிப்பிடித்த பாத்திரத்தில் கரண்டி முனை என்ன செய்கிறதோ, அதுதான் இங்கே நடப்பது. அதன் பெயர் சுரண்டுவதுதான். வினை அதுவாகவே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றுங்கள்.

— ஆய்வகத்திலிருந்து

* * *

அப்படியானால் வேலைக்குச் 'சுரண்டெடுப்பு'. எடுத்த பொருளுக்குச் 'சுரண்டுபதம்' எப்படி? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோமே, மாதிரி என்பதற்கு அதைவிடப் பழகிய சொல் ஏது?

— தொகுப்பாளர்

* * *

சொல் இனிமையாக இருக்கிறது, ஆனால் தவறான பாடத்தைக் கற்பித்துவிடும். பானைச் சோறு முழுவதும் ஒரே தீயில் வெந்தது, ஆகவே ஒரு பருக்கை போதும். கருவிழிப் புண் அப்படி இல்லை. நடுவில் செத்த திசு, விளிம்பில் உயிருள்ள கிருமி, துணைப்புண் (பெரிய புண்ணுக்குப் பக்கத்தில் தனியே வரும் சிறு புண்) இருந்தால் அங்கே வேறு கதை. ஒரு தடவை சுரண்டி அதையே எல்லாத் தட்டிலும் பங்கு போடக்கூடாது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தட்டுக்கும் புதிதாக எடுக்கவேண்டும். பிளாட்டினம் ஸ்பாட்டுலாவை ஒவ்வொரு முறையும் சுடரில் காட்டி, ஆறவிட்டு எடுக்கிறோம். ஆறுவதற்குள் தொட்டால் கிருமியும் போச்சு, கருவிழியும் போச்சு. பிளேடு என்றால் ஒவ்வொரு முறையும் புதிது.

'சுரண்டுமாதிரி'யும் சரிப்படாது. பேச்சில் அது 'சுரண்டுவதுபோல' என்று கேட்கும்.

— ஆய்வகத்திலிருந்து

* * *

'சுரண்டுபொருள்' என்று வினைத்தொகையாக வைக்கலாம். சுரண்டுகிற கருவி என்று பொருள்பட்டுவிடாதா என்று கேட்பார்கள். குடிநீர் என்றால் குடிக்கிற நீர் இல்லை, குடிக்கப்படுகிற நீர். அந்த வரிசையில் இதுவும் நிற்கும்.

— இலக்கணம் பார்ப்பவர்

* * *

வணக்கம். வினையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல். எங்கள் பள்ளி உயிரியலில் கார்னியா என்றால் விழிவெண்படலம், ஐரிஸ் (அதன் பின்னால் இருக்கும் நிறமுள்ள வளையம்) என்றால் கதிராளி. நீங்கள் 'கருவிழி' என்று எழுதினால் இங்கே படிக்கிற பிள்ளை ஐரிஸைச் சுரண்டுவதாக நினைக்கும்.

— யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

அந்தக் கவலை நியாயம்தான், ஆனால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் மெட்ராஸ் ஐ வரும்போதெல்லாம் 'விழி வெண்படல அழற்சி' என்றுதான் போடுகிறார்கள். அது கன்ஜங்டைவாவில், அதாவது கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தும் மெல்லிய சவ்வில் வருவது. ஒரு வாரம் சிவந்து, பீளை தள்ளி, பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதற்கும் பார்வையையே பறிக்கிற கருவிழிப் புண்ணுக்கும் ஒரே பெயர் என்றால் அது ஆபத்து. கண்தானப் பலகை, கருவிழி மாற்று அறுவை, எல்லாவற்றிலும் கார்னியாவுக்குக் 'கருவிழி'தான் வழங்குகிறது. கையேட்டின் முதல் பக்கத்தில் "கருவிழி: கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும், நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒளிபுகும் படலம், கதிராளி அன்று" என்று ஒரு வரி போட்டுவிடுவோம். ஐரிஸுக்குக் 'கதிராளி'யை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், நல்ல சொல்.

அந்த அரை மில்லிமீட்டரை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புண் ஆழமாகி, துளைபடும் நிலைக்கு மெலிந்திருந்தால் சுரண்டக்கூடாது. படிவத்தில் அதற்குத் தனிக் கேள்வி வேண்டும்.

ஒப்புதல் படிவத்துக்கு மட்டும் 'சுரண்டெடுப்பு' வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே "கருவிழிப் புண்ணிலிருந்து பரிசோதனைக்குச் சிறிது திசு எடுத்தல்" என்று பேச்சுத்தமிழ் வாடையிலேயே எழுதிவிடலாம். கலைச்சொல் நமக்கு, அச்சம் நோயாளிக்கு என்று ஆகக்கூடாது.

— கண் மருத்துவர்

* * *

> படிவத்தில் அதற்குத் தனிக் கேள்வி

சேர்த்துக்கொள்கிறேன், டாக்டர். ஒரு ஐயம். பட்டியலைப் பார்க்கிற சிலர், கண்ணைப் பார்த்தாலே பூஞ்சையா பாக்டீரியாவா என்று தெரியாதா, இத்தனை சொல் எதற்கு என்கிறார்கள்.

— தொகுப்பாளர்

* * *

இறகு போன்ற ஓரம், துணைப்புண் இருந்தால் பூஞ்சை என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைச் சோதித்தார்கள். 297 பேருக்கு வளர்ப்பில் கிருமி கிடைத்தது. பாக்டீரியா மட்டும் 140, பூஞ்சை மட்டும் 139, இரண்டும் கலந்து 15, அகந்தமீபா என்ற ஒருசெல் உயிரி 3. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிப் பார்த்து மருந்து எழுதுவதற்கும் கண்ணால் ஊகிப்பதற்கும் இந்த ஊரில் பெரிய வித்தியாசமில்லை. ஊகம் தவறி, பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு விழுந்தால் புண் கண்ணெதிரே பரவும். வயலில் நெல் சுணையோ தழையோ பட்டு வருபவர்களிடம் 'பூஞ்சையா?' என்ற கேள்வி முதலில் எழவேண்டும்.

— கண் மருத்துவர்

* * *

அடுத்த சொல்லுக்கு வரலாம். சுரண்டுபொருளைத் தட்டில் இடும்போது ஆங்கில 'சி' எழுத்து வடிவில் வரிசையாக இழுக்கிறோம், 'சி ஸ்ட்ரீக்' என்று. தட்டில் கிருமி வளர்க்கும் கூழான அகாரின் மேற்பரப்பு கிழிபடக்கூடாது. ஒவ்வொரு முறை சுரண்டியதற்கும் தனி வரிசை. ரத்த அகார், சாக்லேட் அகார், பூஞ்சைக்குச் சபுரோ அகார். சபுரோவில் சைக்ளோஹெக்சிமைடு (சில பூஞ்சைகளை வளரவிடாத மருந்து) கலந்த வகையை வாங்கிவிடாதீர்கள். தோல் பூஞ்சைக்கு அது சரி. கண்ணில் நாம் தேடுகிற ஃபியூசேரியத்தையும் ஆஸ்பர்ஜில்லஸையும் அது தடுத்துவிடும், பிறகு 'வளர்ச்சி இல்லை' என்று பொய்யான முடிவு போகும்.

'சி' வடிவில் இழுப்பது அழகுக்காக இல்லை. காற்றிலிருந்து விழுந்த கிருமி தட்டில் எங்கு வேண்டுமானாலும் முளைக்கும்; நாம் வைத்தது கோட்டின் மேல்தான் முளைக்கும். கோட்டுக்கு வெளியே ஒற்றைத் திட்டு என்றால் மாசு. கோட்டின் மேல் அடர்ந்து வளர்ந்தாலோ, ஒரே கிருமி இரண்டு வகை அகாரில் வந்தாலோ, ஸ்லைடில் கண்டதோடு ஒத்துப்போனாலோ கணக்கில் எடுக்கிறோம்.

— ஆய்வகத்திலிருந்து

* * *

பிறைக்கோடு!

'பிறைக்கீறல்' என்றுதான் முதலில் எழுத வந்தேன். அகார் கிழியக்கூடாது என்கிறீர்கள், ஆகவே கீறலை விட்டுவிட்டேன்.

— இலக்கணம் பார்ப்பவர்

* * *

பிறைக்கோடு எனக்கும் பிடித்திருக்கிறது. 'சி' தெரியாதவருக்கும் கை தானாக வளையும்.

முடிவுப் பகுதியில் ஒரு திருத்தம். வரைவில் "10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு: பூஞ்சை இழை உண்டு / இல்லை" என்று இருக்கிறது. அங்கே 'பூஞ்சை' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், வெறும் 'இழை' போதும்.

அந்தக் கரைசலில் சில நிமிடம் வைத்தால் செல்லும் சளியும் கரைந்து தெளிவாகும், இழை தனித்துத் தெரியும். தெரிவது இழை மட்டும்தான், அது யாருடையது என்பது அதில் எழுதியிருக்காது. பிதியம் என்ற நீர்வாழ் உயிரியும் கருவிழியில் இழையாகத்தான் படர்கிறது. பார்வைக்குப் பூஞ்சை போலவே இருந்தாலும் அது பூஞ்சை இனமில்லை. பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள் அதன் சவ்வில் கிடையாது. நாட்டமைசின் என்ற பூஞ்சை மருந்து பிடித்துக்கொள்வதே அந்த எர்கோஸ்டீராலைத்தான். 'பூஞ்சை உண்டு' என்று நாம் எழுத, மருத்துவர் நாட்டமைசின் எழுத, நாள் போகும், கண்ணும் போகும். பிதியத்துக்கு லினசோலிடு, அசித்ரோமைசின் என்று பாக்டீரியா மருந்தின் பக்கம் போகிறார்கள்.

ஆகவே 'இழை' என்று போட்டு, கீழே இரண்டு கட்டம்: அகலம், குறுக்குச்சுவர் (இழையைக் குறுக்கே பிரிக்கும் தடுப்பு). ரிப்பன்போல அகலமாக, குறுக்குச்சுவர் அரிதாக இருந்தால் ஐயப்படவேண்டும். அயோடின்–கந்தக அமிலச் சாயம் இட்டால் பிதியத்தின் இழை நீலக்கருமையாகும். வளர்ப்பில் கிடைத்ததைப் புல் இலையோடு நீரில் இட்டு, நீந்தும் வித்துகள் வருகின்றனவா என்று பார்த்து உறுதி செய்யலாம்.

புதியவர்களுக்கு ஒன்று: பஞ்சு நாரும் இழைபோலத் தெரியும். நார் முறுக்கிக்கொண்டு, அகலம் மாறி மாறிப் போகும், கிளை விடாது. ஸ்லைடு காய்ந்துவிட்டால் கரைசலின் படிகங்கள் ஊசி ஊசியாக நின்று ஏமாற்றும். ஸ்லைடின் அடியில் வைரமுனைப் பென்சிலால் ஒரு செ.மீ. வட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் வைத்தால், எடுத்த அணுவளவும் எங்கே என்று தேட வேண்டியிருக்காது.

— ஆய்வகத்திலிருந்து

* * *

எங்களுக்குப் பூஞ்சை 'பங்கசு'. 'இழை' என்றால் இரண்டு கரைக்கும் பொது. எனக்குச் சம்மதம்.

— யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

பட்டியலில் ஏற்றிவிட்டேன்: சுரண்டெடுப்பு (வேலை), சுரண்டுபொருள் (எடுத்தது), பிறைக்கோடு, இழை, குறுக்குச்சுவர், கருவிழி, கதிராளி. ஸ்பாட்டுலா, அகார் இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். ஆய்வகத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிற சொற்கள், மாற்றினால் நமக்குத்தான் வேலை. 'வளர்ச்சி இல்லை' என்பதை எத்தனை நாளுக்குப் பிறகு எழுதலாம்?

— தொகுப்பாளர்

* * *

பாக்டீரியாத் தட்டு 7 நாள், பூஞ்சைத் தட்டு குறைந்தது 14 நாள். இழைப் பூஞ்சை பலவும் இரண்டு மூன்று நாளிலேயே தலைகாட்டும், ஆனாலும் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வருவதற்கு முன்னால் ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டிருந்தால் பாக்டீரியா வளராமலே போகலாம். ஆகவே 'வளர்ச்சி இல்லை' என்பதன் பக்கத்திலேயே 'முன்பு விட்ட சொட்டு மருந்து' என்ற வரி இருக்கட்டும். தாய்ப்பால், தழைச்சாறு விட்டிருந்தாலும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள். பிறைக்கோட்டுக்கு இரண்டு கட்டம் விடுங்கள்: எத்தனை கோட்டில் வளர்ந்தது, கோட்டுக்கு வெளியே எத்தனை திட்டு.

— ஆய்வகத்திலிருந்து