ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம். களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்கு வாழைத்தார் ஏற்றிச் செல்லும் எங்கள் டீசல் சுமை வண்டிக்கு, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று கையேடு கூறுகிறது. ஆனால் வழக்கமாகச் செல்லும் பட்டறையில், இரண்டு ஆயில் மாற்றத்துக்கு ஒரு ஃபில்டர் போதும் என்கிறார்கள். பழைய ஃபில்டருக்குள் தங்கிய கரி ஆயில் புதிய ஆயிலோடு கலந்துவிடும் என்பதும், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலே பேரிங்குகளுக்குப் போகும் என்பதும் என்னை உறுத்துகின்றன. சில நூறு ரூபாய்க்காக என்ஜினைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவின் உழைப்பில் வாங்கிய வண்டி அது. கல்குவாரிப் புழுதியிலும் ஓடுவதால், 10,000 வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றுவது நல்லதா? இப்பகுதியில் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், எத்தனை கிலோமீட்டரில் மாற்றுகிறீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன்.