வண்டி நிற்கும்போது ஆர்.பி.எம் ஏன் 4000-ஐத் தாண்டுவதில்லை? பார்த்தவர்கள் உங்கள் புனைபெயரில் எழுதுங்கள்

ஸ்பேனர்

பட்டறைக்கு வரும் ஆட்டோமேட்டிக் கார்களில் திரும்பத் திரும்ப வரும் புகார் இது. பார்க்கிலோ நியூட்ரலிலோ வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் ஆர்.பி.எம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) முள் 3500, 4000, சில வண்டிகளில் 4500 வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். அதே வண்டி ரோட்டில் 6500 வரை போகும். பம்ப் வீக், த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடும் கதவு) அழுக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். பழுது எதுவும் இல்லை. எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ வேண்டுமென்றேதான் பிடித்து வைக்கிறது.

கியர் லீவர் எங்கே இருக்கிறது, சக்கர வேகம் பூஜ்யமா என்ற இரண்டையும் பார்த்துத்தான் அது முடிவெடுக்கிறது. மேனுவல் வண்டி என்றால் கிளட்ச் சுவிட்சும் சேரும். ஆனால் மேனுவலில் பலவற்றுக்கு இப்படித் தனி வரம்பே கிடையாது.

உறுதிசெய்ய ஸ்கேனரில் நான்கு அளவை ஒரே திரையில் வையுங்கள்: ஆர்.பி.எம், வண்டி வேகம், பெடல் சதவீதம், த்ராட்டில் சதவீதம். பெடல் 100 காட்டும்போது த்ராட்டில் அதைவிட மிகக் குறைவாக நின்று, பழுதுக் கோட் எதுவும் பதிவாகாமல் இருந்தால் அது வரம்புதான். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ளவற்றில் முள் அசையாமல் நிற்கும். கேபிள் த்ராட்டில் வண்டியில் ஈசியூவால் காற்றை அடைக்க முடியாது, இன்ஜெக்டரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதனால் முள் இருநூறு முந்நூறு ஏறி இறங்கும், சத்தமும் வெட்டி வெட்டி வரும். இதைக் கேட்டுத்தான் மிஸ்ஃபயர் என்று ப்ளக்கை மாற்றுகிறார்கள்.

கிராங்க்

"லோடு இல்லாமல் ரேஸ் கொடுத்தால் கனெக்டிங் ராட் பிய்ந்துவிடும், அதனால்தான் வரம்பு" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. கணக்கைப் பார்க்கலாம்.

பிஸ்டன், பின், ராடின் மேல்பாதி எல்லாம் சேர்த்து அரை கிலோ, ஸ்ட்ரோக் 86 மி.மீ என்று வையுங்கள். 3000 ஆர்.பி.எம்மில் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது ராடை இழுக்கும் விசை ஏறக்குறைய 280 கிலோ எடைக்குச் சமம். 6000-இல் அது 1100 கிலோ. வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இதை எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் இருக்காது. ஆனால் வண்டி மேட்டில் ஏறினாலும் சும்மா நின்றாலும் அந்த இடத்தில் நிலைமை ஒன்றுதான். காலை எடுக்கும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் கூட்டுவது, 80 மி.மீ போர் என்றால், 35 கிலோ அளவுதான். ஆகவே ரெட்லைனுக்குள் (எஞ்சினுக்கு அனுமதித்த உச்ச வேகம்) வண்டியை நிறுத்தி ரேஸ் கொடுத்தால் ராட் உடையாது.

அப்படியானால் ஆபத்து எங்கே? ஏறும் வேகத்தில். எஞ்சினுக்கு எதிரே கியரும் இல்லை, வண்டி எடையும் இல்லை. ஃப்ளைவீலை மட்டும் சுழற்றினால் போதும். ஐடிலிலிருந்து (பெடலைத் தொடாமல் ஓடும் வேகம்) ரெட்லைனுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. எண்ணெய் இன்னும் தடித்திருக்கும்போது, ஸ்டார்ட் செய்த உடனே இப்படி ஏற்றினால் ஃபில்டரில் அழுத்தம் கூடி பைபாஸ் வால்வு திறக்கும், வடிகட்டாத எண்ணெய் பேரிங்குக்குப் போகும். பிஸ்டன் சிலிண்டரைவிட முந்திச் சூடாகி விரியும், இடைவெளி குறையும். குளிரில் 3000 கொடுப்பதற்கும் சூட்டில் 5000 கொடுப்பதற்கும் எது மோசம் என்று கேட்டால், குளிரில் கொடுக்கும் 3000 என்றுதான் சொல்வேன்.

கியர்பெட்டி

ஆட்டோமேட்டிக்கில் வரம்புக்குப் பெரிய காரணம் எஞ்சினைவிட கியர்பாக்ஸ். நியூட்ரலில் ஏற்றிவிட்டு டிரைவில் தட்டுவதைத் தடுக்கத்தான். சுழலும் பாகத்தின் ஆற்றலும் வேகத்தின் இருமடியில்தான் போகும். 800 ஐடிலில் இருப்பதைப்போல 5000-இல் 39 மடங்கு. அத்தனையையும் உள்ளே இருக்கும் மெல்லிய உராய்வுத் தட்டுகள் வழுக்கி வழுக்கித் தின்ன வேண்டும். நாலைந்து முறை போதும், எண்ணெய் கறுத்து தீய்ந்த வாடை வரும். அதற்கப்புறம் எண்ணெயை மாற்றினாலும் தட்டு திரும்ப வராது.

பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்துப் பார்க்கும் ஸ்டால் டெஸ்ட் தனி விஷயம். டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) எண்ணெயைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் பெரும்பாலான கார்களில் 2000 முதல் 2800-க்குள் தானே நின்றுவிடும். 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. அடுத்த முறைக்கு முன் நியூட்ரலில் ஒரு நிமிடமாவது ஐடிலில் விட்டு எண்ணெயை ஆற விட வேண்டும். பிரேக் மிதித்தால் த்ராட்டிலை மூடிவிடும் வசதி இருக்கும் வண்டியில் இந்தச் சோதனையே ஓடாது. அது கன்வர்ட்டர் பழுது இல்லை.

மின்கலம்

ஹைப்ரிடை யாரும் சொல்லவில்லை. அங்கே வரம்பை வகுப்பது பற்சக்கரம்.

2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் எஞ்சின், ஜெனரேட்டர், சக்கரம் மூன்றும் ஒரே பிளானட்டரி கியரில் கோத்திருக்கும். நடுவே இருக்கும் சன் கியருக்கு 30 பல், வெளி ரிங் கியருக்கு 78. ரிங் சக்கரத்தோடு, சன் ஜெனரேட்டரோடு, நடுக் கேரியர் எஞ்சினோடு. வண்டி நின்றால் ரிங் அசையாது. அப்போது எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ஜெனரேட்டர் 3.6 சுற்று சுற்றியே தீர வேண்டும். அந்த ஜெனரேட்டரின் உச்ச வேகம் 10,000. வகுத்துப் பாருங்கள், நின்ற இடத்தில் எஞ்சினுக்குக் கிடைக்கும் உச்சம் 2777. எஞ்சினின் சொந்த உச்சம் 5000. வண்டி நகர ஆரம்பித்து ரிங் சுழலும்போதுதான் ஜெனரேட்டருக்கு மூச்சு கிடைக்கும், எஞ்சினும் மேலே போகலாம். இதை எந்த ரீமேப்பாலும் (ஈசியூ நிரலை மாற்றுவது) மாற்ற முடியாது.

டீசல்

டீசல் புகைச் சோதனையில் இந்த வரம்பு நேரடியாக இடிக்கும். பெடலை ஒரே மிதியில், ஒரு விநாடிக்குள் அடிவரை இறக்கி, கவர்னர் வேகத்தை (எரிபொருளைக் குறைத்து எஞ்சினைப் பிடித்து வைக்கும் உச்சம்) எட்டியதும் விட வேண்டும். நின்றால் 2500-இல் கட் ஆகும் வண்டியில் அந்த வேகத்தையே எட்டியதாக எடுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. சோதிப்பவர் அதைக் குறித்துவைக்க வேண்டும்.

மிதிப்பதற்கு முன் எண்ணெய் குறைந்தது 60 டிகிரி சூடாகியிருக்கட்டும். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்காமல் மிதிக்காதீர்கள். பழைய பெல்ட் இந்தச் சோதனையில்தான் அறும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் உச்சக் கோட்டுக்கு மேல் இருந்தால் சோதனையே வேண்டாம். பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாய்) வழியாக அந்த எண்ணெயை உறிஞ்சி எஞ்சின் தானாக ஓட ஆரம்பித்தால் எந்த வரம்பும் செல்லாது. ஈசியூ டீசலைத்தான் நிறுத்த முடியும், எண்ணெயை அல்ல. சாவியை எடுத்தாலும் நிற்காது. காற்று வரும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும், கையைக் கொண்டுபோகக் கூடாது. மேனுவலாக இருந்தால் பிரேக்கை அழுத்தி, பெரிய கியரில் போட்டு, கிளட்சை விட்டு அணைக்கலாம்.

சைலன்சர்

சத்தச் சோதனைக்கும் இது பொருந்தும். நின்ற வண்டியின் சத்தத்தை அளக்க மைக் எக்ஸாஸ்ட் வாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணம். 5000-க்கும் 7500-க்கும் இடையே உச்ச சக்தி தரும் எஞ்சினுக்கு 3750 ஆர்.பி.எம்மில் அளப்பார்கள். வரம்பு அதற்குக் கீழே இருந்தால், எட்டக்கூடிய உச்சத்திலிருந்து 5 சதவீதம் குறைத்து அளப்பார்கள்.

ஸ்பேனர்

நன்றி, டீசல் எழுதியதை மிதிப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். இன்னொரு பக்கமும் இருக்கிறது: ஓடும்போதும் 4000-இல் கட் ஆகும் வண்டி. அது உண்மையான பழுது. வேக சென்சார் செத்துவிட்டால் வண்டி நிற்கிறது என்றே ஈசியூ நினைக்கலாம். ஸ்கேனரில் பி0500 என்ற பழுதுக் கோட் வந்தால் வேக சென்சார், அதன் ஒயர், கனெக்டரைப் பாருங்கள். பி0705 அல்லது பி0850 என்றால் கியர் நிலை சுவிட்ச். பி2135, பி2138 என்றால் த்ராட்டில், பெடல் சென்சார்கள். இவற்றில் எச்சரிக்கை விளக்கும் எரியும், வரம்பும் இன்னும் கீழே இறங்கியிருக்கலாம்.

வரம்பை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். நின்ற இடத்தில் செய்யும் எந்த வேலைக்கும் அவ்வளவு தேவையில்லை. இன்னொரு வண்டிக்கு ஜம்ப் கொடுக்க 1500 முதல் 2000, கூலன்ட் காற்றெடுக்க 2000 முதல் 2500, பெட்ரோல் புகைச் சோதனையின் ஹை ஐடிலுக்கு 2500 பக்கம். கார்பன் எரிக்கிறேன் என்று நிறுத்திவைத்து ஏற்றுபவர்களும் உண்டு. லோடு இல்லாமல் சிலிண்டருக்குள் அந்தச் சூடு வராது. கீழே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்தான் காற்றோட்டம் இல்லாமல் காயும், அடியில் காய்ந்த புல் இருந்தால் பற்றிக்கொள்ளும்.