பழைய டிரம்மின் பேரிங் மூடிக்கு எந்த அளவு போல்ட்? எம்12 இரண்டாவது சுற்றிலேயே இறுகி நிற்கிறது

பேரணாம்பட்டு தோல் தொழில்:

அனைவருக்கும் வணக்கம். பேரணாம்பட்டில் சிறிய அளவில் தோல் பதனிடும் தொழில் செய்து வருகிறோம். வாணியம்பாடிப் பக்கம் மூடப்பட்ட ஒரு கூடத்திலிருந்து பழைய மர டிரம் ஒன்றை, பல்சக்கரம், பேரிங் தாங்கிகள் ஆகியவற்றோடு சேர்த்து வாங்கி வந்திருக்கிறோம். கழற்றியவர்கள் மூடியின் போல்ட்டுகளைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டதால், மாதிரிக்கு ஒன்றுகூடக் கையில் இல்லை.

தாங்கியின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு. அதில் நான்கு மரைத் துளைகள் உள்ளன. எதுவும் மறுபுறம் திறந்ததில்லை. வெர்னியரின் உள்தாடையை வைத்துப் பார்த்தபோது 10.3 மி.மீ. காட்டியது. துளையின் ஆழம் 30 மி.மீ.; அதில் மரை இருப்பது ஏறத்தாழ 26 மி.மீ. வரைதான். மூடியின் தடிமன் போல்ட் அமரும் இடத்தில் 22 மி.மீ. கடையில் 10.3 என்றதும் எம்12, அதாவது 12 மி.மீ. மெட்ரிக் போல்ட் கொடுத்தார்கள். அது முதல் சுற்றில் லொடலொடவென்று ஆடிக்கொண்டே நுழைந்து, இரண்டாவது சுற்று முடிவதற்குள் இறுகி நின்றுவிடுகிறது. நான்கு துளையிலும் இதே கதைதான். மரையில் ஏறிய துரு தடுக்கிறதா, அல்லது அளவே வேறா என்பதை எப்படி உறுதி செய்வது?

மூடியின் மேல் கிரீஸ் நிப்பிளுக்கான துளையும் வெறுமையாக இருக்கிறது. அதன் உள்விட்டம் 8.6 மி.மீ. அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆம்பூர் பராமரிப்பு:

உப்பும் சுண்ணாம்பும் பட்ட இரும்பு அப்படித்தான் இருக்கும். டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, துளையில் மரை வெட்டும் கருவியான டேப்பை எம்12 அளவில் ஒரு முறை ஓட்டி எடுங்கள். மரை சுத்தமாகி போல்ட் இறங்கிவிடும்.

காட்பாடி கடைசல் பட்டறை:

டீசலில் ஊறவிடுவது நல்லது; டேப்பை மட்டும் இப்போது கையில் எடுக்காதீர்கள். துருவால் நிற்கும் போல்ட்டும் அளவு மாறியதால் நிற்கும் போல்ட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சரியான அளவு போல்ட் துருப்பிடித்த மரையில் ஆடாமல் நுழையும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே போகும், முன்னும் பின்னும் திருப்பினால் சற்று வழிவிடும். உங்களுடையது ஆடிக்கொண்டு நுழைந்து, பிறகு சுவரில் முட்டியதுபோல் நிற்கிறது. அதுவும் நான்கு துளையிலும் ஒரே இடத்தில். போல்ட்டின் வெளிவிட்டம் துளையின் மரைக்குச் சிறியது, அதன் மரை இடைவெளியும் வேறு என்பதற்கே இது அடையாளம்.

உள்விட்டத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாததன் காரணத்தைச் சொல்கிறேன். எம்12 சாதாரண மரைக்குத் துளையின் உள்விட்டம் 10.1 முதல் 10.4 மி.மீ. வரை இருக்கலாம். பழைய பிரிட்டிஷ் மரையான 1/2 அங்குல விட்வொர்த்துக்கு அது ஏறத்தாழ 10.0 முதல் 10.6 வரை வரும். ஆக 10.3 என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது. 1/2 அங்குல அமெரிக்க மரையான யு.என்.சி. 10.6-க்கு மேல் தொடங்கினாலும், சிறிய துளைக்குள் வெர்னியரின் உள்தாடை உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும், துருவும் படிந்திருக்கிறது. எனவே அதையும் இப்போதே தள்ளிவிட முடியாது. இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்தான். எம்12-இல் அது 1.75 மி.மீ.; யு.என்.சி.யில் அங்குலத்துக்கு 13 மரை, அதாவது 1.95 மி.மீ.; விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அதாவது 2.12 மி.மீ. எம்12-இலேயே 1.5, 1.25 என்ற நுண்மரைகளும் உண்டு. ஆனால் அவற்றின் வெளிவிட்டமும் 12 மி.மீ. தான் என்பதால், அந்தத் துளையில் உங்கள் போல்ட் இப்படி ஆடியிருக்காது.

மரை துளைக்குள் இருக்கும்போது அதை எண்ணுவது எப்படி என்றால், அதற்கு ஒரு மரக்குச்சி போதும். மெஷின் வந்த பேக்கிங் பெட்டியின் மெதுமரத்தில் ஒரு துண்டை 11 மி.மீ. தடிமனுக்கு உருட்டிச் சீவி, நுனியை மட்டும் சற்றுக் கூராக்கிக்கொள்ளுங்கள். துளையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி, குச்சியில் எண்ணெய் தடவி, மெதுவாக அழுத்திக்கொண்டே வலப்பக்கம் திருப்பினால், துளையின் மரையே அதில் பள்ளம் வெட்டிக்கொண்டு போகும். அடியில் முட்டியதும் இழுக்காமல், இடப்பக்கம் திருப்பியே வெளியே எடுங்கள். இழுத்தால் பள்ளங்கள் நசுங்கிவிடும். பிறகு எஃகு ஸ்கேலின் சுழியை ஒரு பள்ளத்தின் நடுவில் வைத்து, அதற்கு அடுத்த பள்ளத்தை ஒன்று என்று எண்ணத் தொடங்கி, 25.4 மி.மீ. கோட்டில் எத்தனையாவது பள்ளம் நிற்கிறது என்று பாருங்கள். சுழியில் இருக்கும் பள்ளத்தையே ஒன்று என எண்ணினால் 12 என்பது 13 ஆகிவிடும், விட்வொர்த் யு.என்.சி. ஆகிவிடும்.

சிலர் எம்-சீல் பசையை அடைத்து அச்சு எடுப்பார்கள். மறுபுறம் திறக்காத துளையில் அது இறுகிக்கொண்டால் குடைந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் துளைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எம்12 டேப்பை ஓட்டினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துளை உண்மையில் அரை அங்குலமாக இருந்தால், அதன் மரை 12.7 மி.மீ. விட்டத்துக்கு ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். 12 மி.மீ. டேப் புதிய மரையை வெட்டுவதற்கு அங்கே முழு இரும்பு இல்லை. அது பழைய மரையின் குறுக்கே ஓடி, அதன் முகடுகளைத் துண்டு துண்டாக்கும். வார்ப்பிரும்பு வளையாது, பொடிந்து உதிரும். அதன் பிறகு எந்த அளவு போல்ட்டும் அந்தத் துளையில் நம்பி நிற்காது.

பேரணாம்பட்டு தோல் தொழில்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே குச்சியைச் சீவி இறக்கினோம். முதலில் சீவியது நுனி பருமனாக இருந்ததால் பிளந்துவிட்டது; அடுத்தது சரியாக இறங்கியது. சுழியை விட்டு எண்ணியதில் 12-ஆவது பள்ளம் அங்குலக் கோட்டின் மேலேயே நிற்கிறது. அப்படியானால் அரை அங்குல விட்வொர்த் என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் காலத்தில் அது கிடைக்குமா, எந்த நீளம் கேட்க வேண்டும்? ஒரு துளையின் வாயில் முதல் இரண்டு மரைகள் உடைந்திருப்பதையும் பிரஷ் போட்டபோது கண்டோம்.

குடியாத்தம் தறி மெக்கானிக்:

12 என்றால் சந்தேகமே வேண்டாம். 1/4, 5/16, 3/8 ஆகிய அளவுகளில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் அங்குலத்துக்கு மரை எண்ணிக்கை ஒன்றேதான். முறையே 20, 18, 16. மரையின் கோணம் மட்டும் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. அந்த அளவுகளில் எண்ணிப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. அரை அங்குலத்தில்தான் 12, 13 என்று பிரிகிறது. அந்த வகையில் உங்களுக்கு வேலை எளிதாகிவிட்டது.

குடியாத்தத்தில் பழைய விசைத்தறிகளின் சட்டங்களில் நாங்கள் இதே மரையைத்தான் தினமும் பார்க்கிறோம். நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. பட்டறைகளும் வார்ப்பு அச்சுகளும் மாற அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை, வடார்க்காட்டின் பழைய தறியிலும் டிரம்மிலும் பம்ப்செட்டிலும் இன்னும் கிடப்பதில் வியப்பில்லை.

கடையில் 'நாலு நூல் போல்ட்' என்றோ 'அரை இஞ்ச் போல்ட்' என்றோ கேளுங்கள். பெரிய ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். '12 போல்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பல கடைகளில் போல்ட்டின் எண்ணைச் சொன்னால் ஸ்பேனர் எண் என்று எடுத்துக்கொள்வார்கள். '13 போல்ட்' என்றால் எம்8, '17' என்றால் எம்10, '19' என்றால் எம்12 என்பது வண்டிப் பட்டறைகளின் கணக்கு. இந்தக் குழப்பத்தால் வேலூர் வரை போய் வேறு அளவோடு திரும்புகிறவர்கள் உண்டு.

கையில் அந்தக் குச்சியையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தரும் போல்ட்டைக் குச்சியோடு பக்கவாட்டில் சேர்த்து வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் ஒரு முனை முதல் மறுமுனை வரை அமர்ந்தால் மரை ஒன்றுதான். நடுவில் எங்காவது முகடும் முகடும் மோதிக்கொண்டு வெளிச்சம் தெரிந்தால், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் அது வேண்டாம்.

ராணிப்பேட்டை பொறியாளர்:

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். அரை அங்குலத் துளையில் எம்12 போல்ட் தற்செயலாக நுழையும்; ஆனால் எம்12 துளையில் அரை அங்குல போல்ட்டின் முனைகூட நுழையாது, ஏனெனில் 12.7 மி.மீ. என்பது 12-ஐவிடப் பெரியது. வாங்கி வந்த போல்ட் விரலாலேயே முழு ஆழத்துக்கும் இறங்கினால் அளவு உறுதியாகிறது. ஸ்பேனரில் குழாயைச் செருகி நெம்புகோலாக்கித்தான் இறக்க முடியும் என்றால், உடனே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, அங்குல அளவில் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சாதாரண எஃகு. தண்ணீரும் தோலும் நிறைந்த டிரம் சுழலும்போது பல்சக்கரம் தள்ளும் விசையில் மூடியைத் தூக்கப் பார்க்கும். ஆகவே நான்கு போல்ட்டையும் ஒரே வகையில், ஒரே கடையில் வாங்கி, ஸ்பிரிங் வாஷரோடு சீராக இறுக்குங்கள். மெட்ரிக் போல்ட்டின் தலையில் வலிமையைக் காட்டும் 8.8 போன்ற குறி இவற்றில் இல்லை என்பதற்காக, எம்12-க்கு மாறிவிடத் தோன்ற வேண்டாம்.

காட்பாடி கடைசல் பட்டறை:

நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள். வார்ப்பிரும்பில் போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது மரை பிடித்திருக்க வேண்டும்; 12.7-க்கு அது 19 மி.மீ. மூடி 22, வாஷர் 3, மரைக்குள் 19, ஆக மொத்தம் 44 மி.மீ. ஒன்றே முக்கால் அங்குல போல்ட் 44.45 மி.மீ. என்பதால் மூன்று துளைகளுக்கு அது அப்படியே பொருந்தும். தலைவரை மரை வெட்டியதாக வாங்குங்கள். வாய் உடைந்த துளைக்கு மட்டும் 2 அங்குல போல்ட் எடுத்து 48 மி.மீ.க்கு அறுத்து, முனையை அரத்தால் சரித்துவிடுங்கள். உடைந்த இரண்டு மரை போக அங்கேயும் 19 மி.மீ. அளவுக்குப் பிடிப்பு கிடைக்கும். 2 அங்குலத்தை அறுக்காமல் போட்டால் முனை ஏறத்தாழ 26 மி.மீ. இறங்கி, மரை முடியும் இடத்திலேயே முட்டும். ஸ்பேனரில் இறுகியதுபோல் தோன்றும், மூடியோ தளர்வாகவே கிடக்கும்.

அந்த உடைந்த துளை பின்னாளில் மேலும் பொடிந்தால், எம்14-க்குப் போகாதீர்கள். அதற்கு 12 மி.மீ. துளையிடும்போது 12.7 வரை ஓடிய பழைய மரையின் தடம் அங்கேயே நிற்கும். எம்16-க்கு 14 மி.மீ. துளையிட்டால் பழைய மரை முழுதும் போய்விடும். மூடியின் துளையையும் பெரிதாக்க வேண்டியிருக்கும் என்பதால், துளையைச் சுற்றி எவ்வளவு இரும்பு மிஞ்சும் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

நிப்பிளுக்கு வருகிறேன். 8.6 என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் குழாய் மரையான 1/8 அங்குல பி.எஸ்.பி.; பத்து மி.மீ. நுண்மரையான எம்10-க்கு 1 என்பதாக இருந்திருந்தால் உள்விட்டம் 8.9-ஐ ஒட்டி வந்திருக்கும். ஒன்றில் அங்குலத்துக்கு 28 மரை, மற்றதில் 25-ஐ ஒட்டி வரும் என்பதால், அவ்வளவு குட்டையான துளையில் குச்சி வைத்து எண்ணுவது கடினம். இரண்டு நிப்பிளையும் ஒவ்வொன்று வாங்கிவாருங்கள், விலை அதிகமில்லை. முதலில் எம்10-ஐ விரலால் வைத்துப் பாருங்கள், பி.எஸ்.பி. துளையின் மரைவிட்டம் 9.73 மி.மீ. தான் என்பதால், அதில் எம்10 பிடிக்கவே பிடிக்காது. வரிசையை மாற்றி பி.எஸ்.பி.யை முதலில் வைத்தால், அது எம்10 துளையிலும் தளர்வாக நுழைந்து ஏமாற்றும். பிறகு கிரீஸ் கன் வைத்து அழுத்தும்போது பக்கவாட்டில் கிரீஸ் பிதுங்கும்.