பெற்றோர் இருவரும் கிளியர் என்றால் குட்டிக்கு டெஸ்ட் வேண்டாமா?

மாறன்:
நம் மன்றத்து லாப்ரடார் திரியில் பைரவப்பிரியன் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்: "தாயும் தகப்பனும் பிஆர்சிடி-பிஆர்ஏ கிளியர். அப்போ குட்டிகளும் கிளியர்தான். தனியாக டெஸ்ட் எடுப்பது லேபுக்குத் தண்டம் அழுவது." இதை நம்பி நாலு பேர் அடுத்த ஈத்துக்குப் போவார்கள் என்பதால்தான் தனித் திரி. பிஆர்ஏ என்பது விழித்திரை கெடும் பரம்பரை நோய், பிஆர்சிடி அதில் ஒரு வகை. அதற்கான பிறழ்ந்த ஜீன் ஒன்றுகூட இல்லாத நாய்தான் கிளியர். பிஆர்ஏ வந்த நாய் முதலில் இருட்டில் தடுமாறும், போகப்போகப் பகலிலும் பார்வை போய்விடும். அது வெளியே தெரிவதற்குள் அந்த நாயை வைத்துப் பல ஈத்து எடுத்து முடித்திருப்பார்கள். இரண்டு கிளியர் சேர்ந்தால் குட்டி கிளியர் என்ற கணக்கில் தவறில்லை. படிவத்தில் எழுதிய கடுவன்தான் தகப்பன் என்பதற்கு என்ன அத்தாட்சி? தகப்பன் யார் என்று ஒப்பிட்டுக் காட்டும் டிஎன்ஏ புரொஃபைல் எங்கே?

பைரவப்பிரியன்:
கணக்கில் தவறில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்? மேட்டிங்கைக் கண்ணால் பார்த்து, டை விழுந்ததை (இரண்டும் பூட்டிக்கொண்டு நிற்பதை) உறுதி செய்துகொண்டுதான் யாரும் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒழுங்காகக் கென்னல் வைத்திருப்பவனைத் திருடன் மாதிரிப் பேசாதீர்கள்.

மாறன்:
டை விழுந்ததைப் பார்த்தால், அன்றைக்கு அந்தக் கடுவன் சேர்ந்தது என்று தெரியும். வேறு கடுவன் சேரவில்லை என்று தெரியாது. நாயின் கருமுட்டை வெளிவந்த பிறகும் முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். விந்தணுவோ பெட்டையின் உடலுக்குள் ஐந்தாறு நாள்கூடத் தாங்கும். திங்கட்கிழமை ஒரு கடுவன், புதன்கிழமை வேலி தாண்டி இன்னொன்று என்றால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பனுக்கும் குட்டி பிறக்கலாம். இதில் திருட்டு எங்கே வந்தது? நேர்மையான ஆளுக்கும் நடக்கும்.

புரொஃபைல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியே வராது. ஐசாக் என்ற சர்வதேச விலங்கு மரபியல் சங்கத்தின் தொகுப்பில் 21 எஸ்டிஆர் மார்க்கர் (டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத்திரும்ப வரும் இடம், எத்தனை தடவை என்பது நாய்க்கு நாய் மாறும்), கூடவே பாலினத்துக்கு அமெலோஜெனின் ஜீன். ஒவ்வொரு மார்க்கரிலும் குட்டிக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வர வேண்டும். ஓர் இடத்தில் குட்டி 12/15, தாய் 12/14, தகப்பன் என்று எழுதியது 16/17 என்றால் அந்த 15 எங்கிருந்து வந்தது? ஓர் இடத்தில் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் புதிய பிறழ்வாகவும் இருக்கலாம், அதனால் லேப் அவசரப்பட்டுத் தள்ளாது. இரண்டு மூன்று இடத்தில் இடித்தால் அந்தக் கடுவன் தகப்பன் இல்லை. சந்தேகப்படும் கடுவன்கள் இரண்டும் கூடப்பிறந்தவை என்றால் மார்க்கர் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

டாபர்செல்வம்:
நீங்கள் இருவரும் கண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். டாபர்மேனைக் கொல்வது இதயம். பிடிகே4, டிடிஎன் என்ற இரண்டு ஜீன் டெஸ்டிலும் நெகட்டிவ் வந்த நாய்க்கும் டிசிஎம், அதாவது இதயம் விரிந்து பலவீனமாகும் நோய், வருகிறது. வருஷா வருஷம் இதயத் துடிப்பைப் பதியும் 24 மணி நேர ஹோல்டர் மாட்டி, விபிசி என்ற முறைதவறிய துடிப்பு 50-க்கு மேல் போகிறதா என்று பாருங்கள், கூடவே எக்கோ எடுங்கள். கிளியர் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டி என்ன பயன்?

மாறன்:
செல்வம், டிசிஎம் ஒற்றை ஜீன் நோய் இல்லை. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத டிஸ்பிளேசியாவும் அப்படித்தான், அதற்கு எக்ஸ்ரேதான் வழி. இங்கே பேச்சு ஒற்றை ஒடுங்கு ஜீன் பற்றி, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். பைரவப்பிரியன் இன்னும் பதில் சொல்லவில்லை. புரொஃபைல் எங்கே?

பைரவப்பிரியன்:
பதில் சொன்னேன், உங்களுக்குப் படிக்கப் பொறுமை இல்லை. நீங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடும் ஸ்வாப் டெஸ்டின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். பால் குடிக்கும் குட்டியின் வாயில் எடுத்தால் தாயின் டிஎன்ஏவும் சேர்ந்து வருகிறது. தப்பான ரிசல்ட்டுக்குக் காகிதக் கணக்கே மேல்.

மாறன்:
எடுக்கத் தெரியாமல் எடுத்துவிட்டு டெஸ்டைக் குறை சொல்வது பழைய வழக்கம். குட்டியைத் தாயிடமிருந்தும் மற்ற குட்டிகளிடமிருந்தும் பிரித்து இரண்டு மணி நேரம் தனியாக வையுங்கள். தீவனமும் வேண்டாம். பிறகு கன்னத்தின் உட்புறத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஸ்வாபை வைத்து 20 முதல் 30 நொடி அழுத்திச் சுழற்றுங்கள். எச்சில் ஒட்டினால் போதாது, செல் உரிந்து வர வேண்டும். பஞ்சு முனையில் விரல் படக்கூடாது. காற்றில் நன்றாக உலர விட்டுக் காகித உறையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். அடுத்த குட்டியைத் தொடுமுன் கையுறை மாற்றுங்கள். மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்து அந்த எண்ணை அப்போதே உறையில் எழுதுங்கள். எல்லாம் முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் பெயர் மாறிப்போகும். ரிசல்ட் இங்கேயும் குழம்பும். இதற்கும் பயம் என்றால் கால்நடை மருத்துவரிடம் உறையவிடாத ஈடிடிஏ குழாயில் ரத்தம் எடுத்து அனுப்புங்கள்.

சங்கரி:
ஸ்வாபுக்கு ஒரு மணி நேரம் போதும், பல லேப் அப்படித்தான் சொல்கின்றன. அதை விடுங்கள். கேரியர் (பிறழ்ந்த ஜீன் ஒன்று மட்டும் உள்ளது, நோய் இல்லை) என்று வந்தவுடன் நாயையே ஒதுக்கச் சொல்லும் கூட்டத்தை யார் கேட்பது? கேரியரைக் கிளியரோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. சராசரியாகப் பாதி கிளியர், பாதி கேரியர். அதிலிருந்து நல்ல கிளியரைத் தேர்ந்தெடுத்துப் போகலாம். கேரியரை எல்லாம் கழித்தால் ஜீன் குளம் சுருங்கி வேறு நோய் தலைதூக்கும். டால்மேஷியனைப் பாருங்கள், யூரிக் அமிலக் கோளாறு இனம் முழுக்க ஊறிப்போனது. மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973-ல் பாயின்டர் இன நாயோடு சேர்த்துத்தான் நல்ல ஜீனை உள்ளே கொண்டுவர முடிந்தது. மாறன் சார், மெர்ல் (திட்டுத்திட்டான நிறம்) திரியிலும் இப்படித்தான் எல்லாரையும் அடக்கிப் பேசினீர்கள்.

மாறன்:
இரண்டு மெர்லைச் சேர்த்தால் செவிடும் குருடுமாகக் குட்டி பிறக்கக்கூடும் என்றேன், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஸ்வாபுக்கு முன் வளர்ந்த நாய்க்கு ஒரு மணி நேரம் போதும், பால்குடிக் குட்டிக்கு இரண்டு. கேரியரைக் கழிக்கச் சொன்னது யார்? நான் இல்லை.

சங்கரி:
பெயர் சொல்லாமல் சொன்னீர்கள். பழைய பதிவு அப்படியே இருக்கிறது, யாரும் போய்ப் படிக்கலாம்.

பைரவப்பிரியன்:
எல்லோரையும் பகைத்துக்கொள்வதே இவர் வேலை. சரி, புரொஃபைலும் ஒத்துப்போனது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது டெஸ்ட் வேண்டாம்தானே? ஆமா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

மாறன்:
ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் நாய்களின் டெஸ்ட் ரிசல்ட்டைப் பதியும் அமெரிக்க அமைப்பான ஓஎஃப்ஏ ஏன் நிபந்தனை போடுகிறது? பெற்றோர் இருவருக்கும் ரிசல்ட் இருக்க வேண்டும், தாய், தகப்பன், குட்டி மூன்றுக்கும் உறவு டிஎன்ஏவில் உறுதியாக வேண்டும், அப்படியும் ஒரு தலைமுறைக்கு மட்டுமே கிளியர். அந்த லாப்ரடார் திரியில் நீங்கள் நீட்டியது ஐந்து தலைமுறைக்கு முந்தைய காகிதம். இடையில் ஒரு மேட்டிங் தப்பாகப் பதிவாகியிருந்தாலும் அதற்குக் கீழே உள்ள எந்தக் 'கிளியரையும்' நம்ப முடியாது.

இன்னொன்று. கிளியர் என்றால் அந்தக் குறிப்பிட்ட பிறழ்வுக்கு மட்டும் கிளியர். கோல்டன் ரிட்ரீவரில் பிஆர்சிடி தவிர ஜிஆர்-பிஆர்ஏ1, ஜிஆர்-பிஆர்ஏ2 என்று தனித்தனியாக உண்டு. பெட்லிங்டன் டெரியரின் தாமிர நோய்க்கு (கல்லீரலில் தாமிரம் சேர்வது) முதலில் ஜீனை அல்ல, அதன் பக்கத்திலுள்ள மார்க்கரை வைத்துத்தான் டெஸ்ட் செய்தார்கள். ஜீனும் மார்க்கரும் பிரிந்துபோன வம்சங்களில் கிளியர் என்று காட்டிய நாய்க்கே கல்லீரல் கெட்டது. 2002-ல் கோம்டி1 ஜீனில் விடுபட்ட பகுதியைக் கண்டுபிடித்த பிறகுதான் நேரடி டெஸ்ட் வந்தது. உங்கள் ஐந்து தலைமுறைக் காகிதத்தில் எந்த டெஸ்ட், எந்த ஜீன், எந்த வருடம் என்று எழுதியிருக்கிறதா?

டாபர்செல்வம்:
ஹோல்டர் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டாபர்மேன்காரர்கள் என்றால் இங்கே எப்போதும் இளப்பம்தான்.

பைரவப்பிரியன்:
ஆமா இல்லை என்று கேட்டேன், பெட்லிங்டன் கதை வருகிறது. என் நாய் லாப். தாய் கிளியர், தகப்பன் கிளியர், குட்டி கிளியர். எத்தனை தடவை கேட்டாலும் இதேதான்.

மாறன்:
தகப்பன் யார் என்பதற்கு புரொஃபைல் எண்ணைப் போடுங்கள். தாய், தகப்பன், குட்டி மூன்றுக்கும். அதைப் போடாமல் என்ன எழுதினாலும் இதே கேள்விதான் கேட்பேன்.

சங்கரி:
முதலில் மெர்ல் திரியில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் மாறன் சார்.