சோமனூர்ப் பக்கம் குடி மீட்புக் கூட்டம் எங்கே நடக்கிறது?

கேள்வி:
சோமனூர் அருகே விசைத்தறி ஓட்டும் என் கணவர், பல ஆண்டுக் குடிப்பழக்கத்தை விட்டுவிட விரும்புவதாக இப்போது அவராகவே சொல்கிறார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கால்கள் கடைப்பக்கம் போய்விடுகின்றன என்று அழுகிறார். இத்தகையோர் கூடிப் பேசும் கூட்டத்தை எப்படிக் கண்டறிவது? கட்டணம் உண்டா? ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்றும் அஞ்சுகிறோம்.

மறுமொழி 1:
அம்மணி, முதலில் மருத்துவரைப் பாருங்கள். நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிய பிறகு கூட்டத்துக்கு அனுப்புவதே நல்லது. 14446 என்ற போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

மறுமொழி 2:
1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பின் கூட்டங்கள் கோவையில் நடக்கின்றன. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி, கட்டணம் கிடையாது. முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பேசியதை வெளியே பேசுவதும் இல்லை. நான் போகும் கூட்டத்தில், புதிதாக வருபவர் வாயே திறக்காமல் தேநீர் மட்டும் அருந்திவிட்டுப் போனாலும் யாரும் வற்புறுத்துவதில்லை. கூலி நாள் மாலையில் மனம் தடுமாறினால், மூத்த உறுப்பினர் ஒருவரை உடனே தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள். என்னைப் பலமுறை காத்தது அந்த அழைப்புதான்.

மறுமொழி 3:
சகோதரி, குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அவர் போகத் தயங்கினாலும் நீங்கள் போகலாம்.