ராத்திரி வேலையில கண்ணு முழிச்சப்போ பார்த்த பால்வெளி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க சொல்லுங்க

மாந்தோப்புக் காவல் (போச்சம்பள்ளி பக்கம்)

நட்சத்திரம் பார்க்கணும்னே மலை ஏறினவங்க கதையெல்லாம் நிறைய படிச்சாச்சு. நான் கேட்கிறது வேற. பொழப்புக்காக ராத்திரி முழிச்சிருந்தவங்க, அந்த நேரத்துல மேல என்ன தெரிஞ்சதுன்னு எழுதுங்க. கொல்லைக் காவல், பால் வண்டி, நைட் ஷிப்ட், எதுவானாலும் சரி. மாசமும் நேரமும் ஞாபகம் இருந்தா கண்டிப்பா போடுங்க. அது இல்லாம இந்தப் பேச்சுக்கு அர்த்தமே கிடையாது. ஏன்னு என் கதையிலேயே சொல்றேன்.

நான் மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கிறவன். சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் காய்க்குக் காவல். வைகாசி ஆரம்பத்துல ராத்திரி 9 மணிக்குக் கயித்துக் கட்டில்ல மல்லாந்து படுத்தா, தலைக்கு மேல பெருசா ஒண்ணும் இருக்காது. கிழக்கால சுவாதி ஆரஞ்சு நிறத்துல எரியும், கொஞ்சம் தெற்கே சித்திரை நட்சத்திரம் வெள்ளையா நிக்கும். மத்த இடமெல்லாம் காலி. அதே கட்டில்ல 2 மணிக்கு நாய் குரைச்சு எழுந்தா, தெற்கே அடிவானத்துல கிளம்பி கிழக்குப் பக்கமா ஏறி வடகிழக்குல இறங்குற வரைக்கும் வெளிறிப்போன ஒரு பட்டை. அதுதான் பால்வெளி. நடுவுல கருப்பு கருப்பா பிளவு வேற.

ஒரே ராத்திரிக்குள்ள ஏன் இவ்வளவு வித்தியாசம்? பால்வெளிங்கிறது நம்ம சூரியனும் சேர்ந்த பெரிய நட்சத்திரக் கூட்டம், தட்டையானது. குறுக்கே சுமார் 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒளியாண்டு), தடிமன் 1,000 ஒளியாண்டுதான். அந்தத் தட்டுக்கு உள்ளே நாம இருக்கோம். தோப்புக்கு நடுவுல நிக்கிற மாதிரி வெச்சுக்குங்க. பக்கவாட்டுல பார்த்தா மரத்துக்குப் பின்னால மரம், அதுக்குப் பின்னால மரம், எல்லாம் சேர்ந்து ஒரே பச்சைச் சுவரு. நிமிர்ந்து பார்த்தா ரெண்டு கிளை, அப்புறம் வெட்டவெளி. வைகாசியில 9 மணிக்கு நம்ம தலைக்கு மேல இருக்கிறது அந்த வெட்டவெளி பக்கம். 2 மணிக்குள்ள பூமி சுத்தி, நம்மளைத் தோப்பின் பக்கவாட்டுக்குத் திருப்பி விட்டுடுது.

மையம் எந்தப் பக்கம்னு நிறைய பேரு கேட்பாங்க. வைகாசியில ராத்திரி 2, 2.30க்கு தெற்கே பார்த்து நில்லுங்க. தேள் உருவம் நல்லாத் தெரியும், நெஞ்சுல கேட்டை சிவப்பா இருக்கும். வாலைப் பிடிச்சுக்கிட்டே போனா கொடுக்கு வரும், அதுதான் மூலம். கொடுக்குக்கு மேல, லேசா இடப்பக்கம், கையை நீட்டி முஷ்டி பிடிச்சா அதைவிடக் கொஞ்சம் கம்மியான தூரத்துல மையம். இங்கிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு. பட்டை அங்கதான் நல்லா உப்பி, வெளிச்சமா இருக்கும்.

கோடை மழை ஒண்ணு கொட்டிட்டுப் போன மறுநாள் பாருங்க. புழுதியெல்லாம் அடங்கி, வானம் பளிச்சுன்னு இருக்கும். மழையால காய்க்கு என்ன ஆச்சுன்னு தனி இழையில அழுதுக்கலாம்.

பரண்மேல் (அஞ்செட்டி)

அண்ணா, நீங்க பார்க்கிறது வெயில் காலத்துப் பக்கம். எங்களுக்குக் குளிர்காலத்துப் பக்கம்தான் பழக்கம்.

ராகி கதிர் பிடிக்கிற நேரத்துல யானை இறங்கும். கார்த்திகையிலேருந்து தை வரைக்கும் அப்பா பரண் மேலதான் படுப்பாரு, லீவுல நானும் கூட. தகரம், டார்ச், ஒரு கட்டு பட்டாசு, கம்பளி. யானை வர்றது சத்தத்துல தெரியாது. அவ்வளவு பெரிய உருவம் பத்தடி பக்கத்துல வந்தாலும் சத்தமே இருக்காது. அதனால டார்ச்சை அணைச்சிட்டு, இருட்டுக்குக் கண்ணைப் பழக்கி உட்காரணும்னு அப்பா சொல்லிக் கொடுத்தாரு. முழுசாப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவுல யாராவது பீடி பத்த வெச்சா திரும்ப முதல்ல இருந்து. யானைக்காகப் பழக்கின கண்ணுதான் எனக்கு வானத்தையும் காட்டுச்சு.

மார்கழி, தையில ராத்திரி 10 மணிக்கு மிருகசீரிடமும் திருவாதிரையும் உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும். மேற்கால சாய்ஞ்ச மாதிரி அறுமீன் கூட்டம், அதான் கார்த்திகை நட்சத்திரம். தெற்கே மலைக்கு மேல அகத்தியர் நட்சத்திரம் தனியா மின்னும். நம்ம ஊர்ல அது அடிவானத்துலேருந்து 25 டிகிரி உயரம் வரைக்கும் ஏறும், டெல்லிக்காரங்களுக்கு அது தரையை ஒட்டித்தான் கிடைக்கும். பால்வெளியும் இருக்கும், திருவாதிரைக்குக் கிழக்கால ஓடும். ஆனா மங்கல். அது புகையா பனியான்னு அப்பாவுக்கும் எனக்கும் தகராறே நடக்கும்.

ஏன் மங்கல்னு பின்னாடிதான் புரிஞ்சது. குளிர்கால ராத்திரியில நாம மையத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வெளி ஓரத்தைப் பார்க்கிறோம். அந்தப் பக்கம் ஓரம் வரைக்கும் 24,000 ஒளியாண்டு இருந்தா அதிகம், நட்சத்திரமும் குறைவு. உங்க தோப்புக் கணக்குலயே சொன்னா, வேலி பக்கத்துல தெரியுது.

தை கடைசியில அறுப்பு நடக்கும்போது விடியக்காலை 5 மணிக்கு எழுந்தா தென்கிழக்குல தேள் முழுசா ஏறியிருக்கும், அதுக்குக் கீழே கெட்டியான பக்கமும் தலை காட்டும். ஒரே பரண்ல சாயங்காலம் ஓரத்தையும் விடியக்காலை மையத்தையும் பார்த்துடலாம்.

ஓசூர் ஷிப்ட்

ரெண்டு பேரும் வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. சிப்காட் பக்கம் வாங்க, கேட்டை தெரிஞ்சாலே அன்னைக்கு நல்ல நாளு. வடக்கே பெங்களூரு வெளிச்சம், பக்கத்துல கம்பெனி வெளிச்சம், போதாக்குறைக்குச் சில சாமந்தித் தோட்டத்துல ராத்திரி முழுக்க பல்பு.

ஊருக்கு வரும்போது ராயக்கோட்டை தாண்டி வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கேன். ஒரு சந்தேகம். போன்ல எடுத்தா ஊதாவும் சிவப்பும் பொங்குது, கண்ணுக்கு வெறும் சாம்பலாத்தான் இருக்கு. எது நிஜம்?

பரண்மேல் (அஞ்செட்டி)

ரெண்டும் நிஜம்தான். மங்கலான வெளிச்சத்துல நம்ம கண்ணுல நிறம் பார்க்கிற செல்லு வேலை செய்யாது, கருப்பு வெள்ளை பார்க்கிறது மட்டும்தான் செய்யும். கேமரா பல செகண்ட் வெளிச்சத்தைச் சேர்த்து வெச்சுக்கும். சிவப்புத் திட்டு சிலது ஹைட்ரஜன் வாயு, அது உண்மையான நிறம். ஊதா மட்டும் பல நேரம் எடுத்தவரோட கைவண்ணம்.

சித்தேரி மருமகள்

நான் வேலைக்கு முழிச்சதில்லைங்க, முழிக்க வெச்சாங்க. என் வீட்டுக்காரரோட ஆயா மணி பார்க்கத் தெரியாதவங்க. கார்த்திகை மாசத்துல அறுமீன் எங்க இருக்குன்னு பார்த்துட்டுத்தான் எங்களை எழுப்புவாங்க. அந்த மாசம் அது பொழுது சாயும்போது கிழக்கால ஏறும், விடியும்போது மேற்கால இறங்கும். ராத்திரி பூராவும் கடிகாரம் மேலேயே இருக்கும். "மேற்கால சாஞ்சிடுச்சு, எந்திரி"ன்னா எழுந்துக்கணும். மேகம் மூடின நாள்ல சேவல்.

பின்னாடி என் பொண்ணு பாடத்துக்காகப் படிக்கும்போது நானும் கூட உட்கார்ந்து படிச்சேன். அறுமீன் சுமார் 440 ஒளியாண்டு தூரத்துல இருக்கு, வயசு ஏறக்குறைய 10 கோடி வருஷம். சூரியனுக்கு 460 கோடி. சூரியன் நம்மளையெல்லாம் இழுத்துக்கிட்டு மையத்தைச் சுத்தி நொடிக்கு சுமார் 230 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அப்படிப் போயும் ஒரு சுத்து முடிய 23 கோடி வருஷம் ஆகும். அப்படின்னா சூரியன் இதுவரைக்கும் 20 சுத்து வந்திருக்கு, அறுமீன் ஒரு சுத்துல பாதிகூட முடிக்கல. ஆயாகிட்ட சொன்னேன். "அப்போ அது கைக்குழந்தை, அதை நம்பியா உன்னை எழுப்புனேன்"னாங்க.

ஆயா விடிவெள்ளியை மட்டும் நம்பமாட்டாங்க. சில மாசம் வரும், சில மாசம் காணாமப் போகும்னு. அவங்க கணக்கு சரிதான். அது வெள்ளி கோளு, நட்சத்திரம் கிடையாது.

கணக்கு கேட்பவன் (தருமபுரி டவுன்)

எல்லாம் நல்லாயிருக்கு. பால்வெளியில 10,000 கோடியிலேருந்து 40,000 கோடி நட்சத்திரம்னு எல்லா இடத்துலயும் போடுறாங்க. யார் எண்ணினது? 10,000 கோடிக்கும் 40,000 கோடிக்கும் நடுவுல 30,000 கோடி இடிக்குது. நம்ம ஊர்ல இப்படி ஒரு எஸ்டிமேட் கொடுத்தா யாராவது காண்ட்ராக்ட் தருவாங்களா?

ஜவ்வாது அடிவாரம் (ஊத்தங்கரை)

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. இழை ஆரம்பிச்சதுலேருந்து இதுக்குத்தான் காத்திருந்தேன்.

யாரும் எண்ணல. எடை போட்டாங்க. மேல அந்தம்மா சொன்ன நொடிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தையும், மாந்தோப்புக்காரர் சொன்ன 26,000 ஒளியாண்டையும் எடுத்துக்குங்க. அந்த வேகத்துல ஓடுற சூரியனை, அவ்வளவு தூரத்துல விலகிப் போகாமப் பிடிச்சு வெக்கணும்னா உள்ளே எவ்வளவு எடை இருக்கணும்? வேகத்தோட வர்க்கத்தைத் தூரத்தால பெருக்கி ஈர்ப்பு மாறிலியால வகுத்தா, ஏறக்குறைய 10,000 கோடி சூரியன் எடை வரும். பத்தாங் கிளாஸ் பையன் போடுற கணக்கு, நீங்களே போட்டுப் பாருங்க.

ஆனா அந்த எடையெல்லாம் நட்சத்திரம் இல்ல. வாயு, தூசு போக, இன்னும் என்னன்னே பிடிபடாத கரும்பொருளும் அதுல சேர்த்தி. தெரியிற எடை மட்டும்தான்னா ஓரத்துல இருக்கிற நட்சத்திரம் மெதுவாப் போகணும், போறதில்லை. பால்வெளி மாதிரியே இருக்கிற அண்டை நட்சத்திர மண்டலங்கள்ல இதை 1970கள்ல வேரா ரூபின் அளந்து காட்டினாங்க. இன்னொரு பக்கம், நட்சத்திரங்கள்ல முக்கால்வாசி சூரியனைவிட ரொம்பச் சின்னதான சிவப்புக் குள்ளன்கள். அதுல ஒண்ணுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சூரியனுக்கு அடுத்தபடியா நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற பிராக்ஸிமா, 4.24 ஒளியாண்டு தூரம்தான், அதையே பார்க்க முடியாது. இந்தக் குள்ளன்களை எவ்வளவுன்னு வெச்சுக்கிறோம் என்பதைப் பொறுத்து மொத்தம் ஏறும், இறங்கும். இடிக்கிற 30,000 கோடி அங்கதான் போகுது.

ஒண்ணொண்ணா அளந்தது கையா விண்கலம். 2013 டிசம்பர்ல கிளம்பி 2025 ஜனவரி வரைக்கும் வேலை பார்த்தது. அது வெளியிட்ட பட்டியல்ல சுமார் 180 கோடி இருக்கு. குறைஞ்ச கணக்கான 10,000 கோடியை வெச்சாலும் நூத்துக்கு ரெண்டு வரல.

கண்ணை மட்டும் நம்பி எண்ணினவரும் ஒருத்தர் உண்டு. வில்லியம் ஹெர்ஷல் 1785ல திசை திசையா தொலைநோக்கியைத் திருப்பி எண்ணி, சூரியன் கிட்டத்தட்ட நடுவுல இருக்குன்னு படம் போட்டாரு. பட்டைக்கு நடுவுல கருப்புப் பிளவுன்னு முதல் பதிவுல சொன்னாரே, அதுதான் அவரை ஏமாத்தினது. அங்க நட்சத்திரம் இல்லாம இல்ல, முன்னாடி தூசு மறைக்குது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தூசு மறைச்சதால எல்லாப் பக்கமும் ஒரே தூரம் மாதிரி தெரிஞ்சிருக்கு. தட்டுக்கு மேலயும் கீழயும் சிதறிக் கிடக்கிற நட்சத்திரக் கொத்துகளை அளந்து, நாம நடுவுல இல்லன்னு 1918 வாக்குல ஹார்லோ ஷேப்லி சொன்னாரு. தூசு இருக்குன்னு 1930ல டிரம்ப்ளர் உறுதிப்படுத்தினாரு. அந்தத் தூசை அகச்சிவப்பும் ரேடியோவும்தான் ஊடுருவும். அப்படிப் பார்த்துத்தான் மையத்துல 40 லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளை இருக்குன்னு தெரிஞ்சது. அதைச் சுத்தி ஒரு நட்சத்திரம் 16 வருஷத்துக்கு ஒரு தடவை ஓடுது. இதைக் கண்டதுக்குத்தான் 2020ல கென்ஸலும் கெஸ்ஸும் நோபல் பங்கு வாங்கினாங்க. 2022 மே மாசம் படமும் வந்துடுச்சு.

என் வேலைன்னு கேட்டா, நான் பால் வண்டி ஓட்டினவன். விடியக்காலை திருப்பத்தூர் பக்கம் போவேன். அங்கிருந்து ஜவ்வாது மலையில ஏறினா காவலூர், வைணு பாப்பு ஆய்வகம். 1986லேருந்து அங்க 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கு. அதுக்கு முன்னாடியே, 1977 மார்ச் 10 அன்னைக்கு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்போ, வளையத்தோட தடயத்தைப் பதிவு பண்ணின குழுக்கள்ல காவலூரும் ஒண்ணு. நான் போனப்போ, பெரிய தொலைநோக்கியில பால்வெளி எப்படித் தெரியும்னு ஆசையாக் கேட்டேன். தெரியாதாம். அது வானத்துல சின்னத் துணுக்கைத்தான் பார்க்கும். முழுப் பட்டைக்கும் வெறுங்கண்ணுதான் கருவின்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் வண்டியில போகும்போது லைட்டை அணைச்சிட்டு ரெண்டு நிமிஷமாவது நிக்கிறது வழக்கமாச்சு, பால் சூடேறும்னு பின்னால திட்டு விழுந்தாலும்.

கணக்கு கேட்பவன் (தருமபுரி டவுன்)

கணக்குப் போட்டுப் பார்த்தேன் ஐயா, வருது. ஒளியாண்டை மீட்டராக்கும்போது சைபர்ல ஒரு தடவை வழுக்கினேன். ஒளியாண்டுக்கு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்னு வெச்சா சரியா வந்துடும்.

டவுன்ல உட்கார்ந்து எதுவும் தெரியல. தை மாசம் அஞ்செட்டிப் பக்கம் வரலாமா?

பரண்மேல் (அஞ்செட்டி)

தாராளமா வாங்க. அமாவாசைக்கு முன்னாடி பின்னாடி ஒரு வாரம் பார்த்து வாங்க. ஆனா ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிற வேலை மட்டும் வேணாம், பெட்டமுகிலாளம் ரோடுன்னா நிச்சயமா வேணாம். அந்த மாசம் யானை எங்க நிக்கும்னு பாரஸ்ட் ஆளுங்களுக்கே தெரியாது. பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குள்ள வந்துடுங்க, எங்க மாடியிலேயே பார்க்கலாம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுத்திக்கிட்டு வாங்க. ஒரு கம்பளியும் எடுத்துக்குங்க, எங்க வீட்டுல இருக்கிறதை அப்பா பரணுக்குக் கொண்டு போயிருப்பாரு.